உயரத்துக் காற்று

“பலூன் விடவா இத்தனை படிப்பு?” என்று அருமனைச் சித்தப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்.

கடியப்பட்டணம் கரையில் தூறல். எங்கள் ஆய்வுப் பலூன் வானத்தின் உயரத்தில் காற்றைப் பிடித்து உலோகக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு கடலில் விழுந்திருக்கிறது. அதிலுள்ள வாயுக்களை அளந்தால்தான் செயற்கைக்கோள் மேலிருந்து காட்டும் அளவு சரியா என்று தெரியும். குப்பிகளைக் கண்டெடுத்த மீனவர் அவற்றைத் திறந்து காயவைத்திருக்கிறார்.

“உப்பு பட்டா துருப்பிடிக்கும்லா மக்கா! எஞ்சின் கழுவுத மாதிரி உள்ளயும் நல்லதண்ணி விட்டு அலசிட்டேன்.”

“உள்ள ஏதாவது இருந்துதா அண்ணாச்சி?”

“ஒண்ணும் இல்ல, வெறும் காத்து.”

நன்றி சொல்கிறேன். திறக்கக் கூடாது என்று குப்பிகளில் ஆங்கிலத்தில் மட்டும் எழுதி ஒட்டியது நான்தான். பேருந்து வருவதற்குள் அடுத்த பலூனுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். குப்பியில் ஒட்டவேண்டிய வரியையும், தமிழில்.