பஞ்சின் மேல் போட்ட பழி

மெஹ்ருன்னிசாவின் கை முழங்கை வரை உறைக்குள் போய், இலவம் பஞ்சை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். செங்கம் ரோட்டு விடுதிகளில் தியானத்துக்கு உட்காருகிறவர்களின் வட்ட மெத்தைகள் அவள் தைப்பவை. வயது நாற்பத்தாறு. ஒரு மெத்தை முடிப்பதற்குள் நாலு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவாள்.

ஆஸ்துமா என்று இரண்டு வருஷமாக இன்ஹேலர். பஞ்சுத் தூசிதான் காரணம், தொழிலை விடு என்றார் டாக்டர். பஞ்சு கண்ணெதிரே இருந்ததால் யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை. குக்கர் விசில் எது, உன் மூச்சு விசில் எது என்றே தெரியவில்லை என்பார் கணவர் நசீர் அகமது. அப்படியானால் சோறு வெந்ததா என்று நீங்களே போய்ப் பாருங்கள் என்பாள்.

நோன்பு மாதம் வந்தது. நோன்பு முறியும் என்று பகலில் அவள் இன்ஹேலரைத் தொடவில்லை. நான் பக்கத்து வீடு. நோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவள். டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தலாமா என்று திட்டினேன். அவள் அசையவில்லை.

"பகல்ல மருந்து இல்ல, ராத்திரி இருக்கு. ரெண்டு வேளையும் ஒரே மூச்சு, நர்சம்மா. பத்து நாளா பஞ்சையும் தொடல. கம்மியும் ஆகல, ஜாஸ்தியும் ஆகல. அப்ப இது வேற ஏதோ."

அப்போதுதான் ஒழுங்காகக் காது கொடுத்தேன். ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை விடும்போது விசில் வரும். இவளுக்கு இழுக்கும்போது வந்தது. இத்தனை நாள் கவனிக்காதது என் தப்பு.

அதைச் சொல்லி அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் மருந்தைத்தான் கூட்டி எழுதினார். அவள் சீட்டை வாங்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"ஸ்கேனுக்கு எழுதிக் குடுங்க சார். ஒண்ணுமில்லன்னு வந்தா பஞ்ச விட்டுடறேன்."

எழுதினார். மூச்சுக்குழாயில் கட்டி, முக்கால் வழியை அடைத்திருந்தது. சென்னையில் வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். பரவாத வகை. ஆனாலும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பிய அன்று கணவர் படுக்கச் சொன்னார், படுத்தாள்.

மறுநாள் காலை அதே டாக்டரிடம் போனாள். சண்டைக்கோ என்று நானும் பின்னால் போனேன். இரண்டு மாடி, நிற்காமல் ஏறினாள், நான்தான் நின்றேன். ஸ்கேன் நகலை மேஜையில் வைத்தாள். "இனிமே யாருக்காவது மூச்சு மருந்துக்குக் கேக்கலன்னா, இத ஒரு தடவ பாத்துக்குங்க சார்."

வீட்டுக்கு வந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பஞ்சு மூட்டையைப் பிரித்தாள்.