கோத்தகிரி அக்காவுக்கு ஊர் காட்டியது

என் வீட்டுக்காரரின் அத்தை மகள் இந்தியாவிலிருந்து எங்களைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்த அன்றே எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் முன்னால் போய் நின்றேன். "தாயே, அக்கா வந்து சந்தோசமா இருந்துட்டுப் போகணும். வெள்ளிக்கிழம ஒன் வாசல்ல அவுங்க கையால பொங்க வைக்கணும்" என்று வேண்டிக்கொண்டேன். அத்தை கப்பலேறி அந்தப் பக்கம் போனபிறகு, அங்கிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் இந்த அக்காதான். அவர் பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் கோத்தகிரியில். ஊட்டிக்குப் பக்கம்.

அங்கேதான் எனக்குச் சிக்கல் இருந்தது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

கொட்டகலை ஸ்டேசனில் இறங்கியதும் அக்கா நாலு பக்கமும் பார்த்தார். "அட, இங்கயும் தேயில!" என்றார். நான் சிரித்தேன். வெள்ளைக்காரர்களும் கொழும்பு ஆட்களும் வந்து வாயைப் பிளந்து பார்க்கிற மலை இது, அக்காவும் நாளைக்குப் பிளப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் என் வீட்டுக்காரர் தன் ஆட்டோவில் எங்களை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனார். கிரகரி வாவியில் அன்னப்பறவை மாதிரிப் படகு ஓடியது. அக்கா இறங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊட்டி ஏரியேதான் தங்கச்சி. அதே வாத்து" என்றார். கரையோரம் குதிரை சவாரி நடந்தது. "எங்க ஊர்லயும் குதிர உண்டு." பூந்தோட்டத்துக்குப் போனோம். "இதவிட எங்க தோட்டம் பெருசு." வருகிற வழியில் தலவாக்கலைப் பக்கம் நீர்வீழ்ச்சியைக் காட்டினோம். அங்கே படம் எடுக்க ஒரே கூட்டம், பஸ் பஸ்ஸாக நிற்கிறது. அக்கா அசையவில்லை. "எங்க ஊரு கேத்தரின் அருவி பாத்திருக்கியா நீ?" என்று என்னையே கேட்டார்.

கடைசி நம்பிக்கையாக, எங்கள் மலைரயில் வளைந்து வருவதைக் காட்டினேன்.

"எங்க ஊரு ரயிலுக்குப் பல்லு இருக்கு தங்கச்சி. மலையக் கடிச்சுக் கடிச்சு ஏறும்."

என் வீட்டுக்காரர் முன்னால் இருந்து சிரித்தார். "அத்த மகளே, ஒன்னயக் கட்டியிருந்தா நான் இந்நேரம் ஊட்டியில குதிர மேச்சிக்கிட்டு இருந்திருப்பேன்."

"குதிர ஒங்கள மேச்சிருக்கும் மச்சான்."

சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அன்று சாயந்திரம் பால் விடாத பிளேன்டீ குடிக்கும்போது அக்கா மெதுவாகச் சொன்னார்: "கோவிச்சுக்காத தங்கச்சி. சனிக்கிழம ராத்திரி எனக்கு பிளேன். எங்க ஊர்ல இல்லாதது ஒண்ணே ஒண்ணு, கடல்தான். ஊர்ல இருக்கிற எம் மருமகன் கடற்கரப் பக்கமா ரூம் போட்டுத் தர்றேங்கிறாரு. வியாழக்கிழம காலையில ரயில்ல ஏத்தி விட்டுருங்க."

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைப் பொங்கல் போச்சு. அதைவிட, வந்தவர் மனசு நிறையாமல் போகிறாரே! வேண்டுதலைச் சொல்லி அக்காவைப் பிடித்து வைக்கலாம். ஆனால் சாமியைக் காட்டி விருந்தாளியைக் கட்டிப்போடுவது அழகா? சொல்லவில்லை. இன்னும் ஒரு நாள் இருந்தது, புதன்கிழமை. அதற்குள் ஊட்டியில் இல்லாத ஓர் இடத்தை நான் கண்டுபிடித்தாக வேண்டும்.

"சிவன் பாதம் பதிஞ்ச மலை, சிவனொளிபாதம் இருக்கே" என்றார் என் வீட்டுக்காரர். "ஒம்பதாம் நம்பர் மலை உச்சியில நின்னா தெரியும். அது ஊட்டியில இல்ல."

அம்மன்தான் அவர் வாயில் வந்து சொன்னாள் என்று நம்பினேன். காலையில் ரொட்டி சுட்டு, மிளகாய் வைத்துக் கட்டச்சம்பல் இடித்து, பிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றி, ஈரத்தில் உட்காருவதற்கு இரண்டு பிளாஸ்டிக் உரப்பையும் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம். ஒன்பதாம் நம்பர் நான் கொழுந்து எடுக்கிற மலை. ஒவ்வொரு செடியும் தெரியும். ஆனால் பாதி தூரத்திலேயே பனிமூட்டம் இறங்கிவிட்டது. முன்னால் போகிற என் வீட்டுக்காரரின் தலை மட்டும் தெரிகிறது, உடம்பைக் காணவில்லை.

"எங்க ஊர்லயும் பனி உண்டு" என்றார் அக்கா பின்னாலிருந்து.

சிவனே, சிவனே என்று நடந்தேன்.

எங்கள் ஆட்களுக்கு மலை என்றால் வேலை செய்கிற மலைதான். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று தேயிலை எங்கே முடிகிறதோ அங்கே எங்கள் கால் நின்றுவிடும். அதற்கு மேலே கொழுந்து இல்லை, விறகும் இல்லை, போய் என்ன செய்ய? அன்று மூட்டத்தில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், தேயிலையைத் தாண்டி, பைனஸ் என்கிற ஊசியிலை மரங்களையும் தாண்டி மேலே போய்விட்டோம். மரம் முடிந்ததும் காலடியில் மெத்தென்று இருந்தது. குனிந்து பார்த்தால் புல். தடவித் தடவிப் போனால் எங்கே பார்த்தாலும் புல். இந்த மலையின் அடியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது எந்த இடம் என்று தெரியவில்லை!

"வழி தெரியுமா மச்சான்?"

"தெரியாமயா? மூட்டம் கலையட்டும், சொல்றேன்."

சரி, சாப்பிடலாம் என்று உரப்பையை விரித்தேன். அக்கா ரொட்டியும் கையுமாக அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கொஞ்சம் வசதியாக முன்னால் நகர்ந்தார். அடுத்த நிமிசம் அக்காவைக் காணவில்லை.

"ஆத்தாடீ..." என்று ஒரு சத்தம் மட்டும் கீழே, இன்னும் கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"மாரியாத்தா!" என்று கத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் விளிம்பில் குப்புறப் படுத்து, "அத்த மகளே! உசுரோட இருக்கியா?" என்று கூப்பிட்டார். சத்தமே இல்லை. தாயே, சந்தோசமாக அனுப்பி வை என்றுதானே கேட்டேன், இப்படியா அனுப்புவாய் என்று அழுகை வந்தது.

அப்போது கீழேயிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. குழந்தைகள் கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. நிறுத்த முடியாமல் விக்கி விக்கிச் சிரிக்கிறார்.

"தங்கச்சீ! ரொட்டி கையிலயே இருக்கு!"

கொஞ்ச நேரத்தில் மூட்டத்துக்குள்ளிருந்து அக்கா ஏறி வந்தார். கொண்டை அவிழ்ந்து கிடக்கிறது, சேலை பின்னால் பச்சை, ஒரு கையில் கடித்த ரொட்டி, மறுகையில் உரப்பை. மூச்சு வாங்கிக்கொண்டே பையை விரித்தார்.

"என்னக்கா செய்யிறீங்க?"

"இன்னொருக்கா."

"ஐயோ, வேணாங்க! ஐம்பது வயசுல..."

சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டார். இந்தத் தடவை "ஆத்தாடீ" இல்லை, "ஹோய்!"

என் வீட்டுக்காரர் மற்றப் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "விருந்தாளிய தனியா விடக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவரும் போனார். பாதியில் பை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்து சேர்ந்தார். கீழே கல்லோ பள்ளமோ இல்லை, தொட்டில் மாதிரிக் குழிந்த புல்தரை என்று அவர் வந்து சொன்னபிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

"வாடி" என்று அக்கா என்னைப் பிடித்து உட்கார வைத்தார். நான் இரண்டு கையாலும் புல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விடவே மாட்டேன் என்று இருந்தேன். அந்த நேரம் பார்த்து காற்று ஒன்று அடித்தது. மூட்டம் திரைச்சீலை மாதிரி விலகியது. எதிரே, எத்தனையோ மலைகளுக்கு அப்பால், நீலமாக, கூராக, சிவனொளிபாதம் நிற்கிறது!

"சிவ சிவா!" என்று என்னையறியாமல் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன்.

கும்பிட்டால் பை சும்மா இருக்குமா? போய்விட்டேன். காற்று காதில் கத்துகிறது, புல் பறக்கிறது, மலை என்னைப் பார்த்து ஓடி வருகிறது. கும்பிட்ட கையை மட்டும் நான் எடுக்கவில்லை. கீழே போய் நின்றபோதும் கும்பிட்டபடியே இருந்தேன். எத்தனையோ தடவை அந்த மலையை நினைத்து விளக்கு ஏற்றியிருக்கிறேன். ஆனால் இவ்வளவு வேகமாகப் போய் நான் சாமி கும்பிட்டதே இல்லை. சிரிப்பும் வருகிறது, கண்ணீரும் வருகிறது.

மூன்று பேரும் எத்தனை தடவை சறுக்கினோம் என்று கணக்கில்லை. களைத்துப்போய் உச்சியில் மல்லாந்து கிடந்தபோது அக்கா போனை எடுத்து மருமகனைக் கூப்பிட்டார். லயத்தில் கிடைக்காத சிக்னல் அங்கே நன்றாகக் கிடைத்தது.

"மாப்ள, அந்த ரூம் வேணாம்னு சொல்லிருங்க... ஆமா, இங்கயேதான் இருக்கப் போறேன்... கடலா? அது அடுத்த தடவையும் இருக்கும்ல... இல்ல இல்ல, விழுகல மாப்ள. சறுக்குனேன்... ஆமா, நாந்தான்."

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார். "அப்ப சனிக்கிழம வரைக்கும் இருக்கேன். வேற என்ன தங்கச்சி விசேசம் இங்க?"

அப்போதுதான் வாயைத் திறந்து வெள்ளிக்கிழமைப் பொங்கலைச் சொன்னேன். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, கழுத!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். வாங்கின அடி இனித்தது.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி, போயா லீவு. காலையில் குளித்து, மஞ்சள் கட்டிய பானையில் அக்கா கையால் பொங்கல் வைத்தார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அவர் போட்ட குலவை பணிய இருக்கிற கீழ் லயம்வரை கேட்டிருக்கும். எங்கள் சேலையில் இருந்த பச்சைக் கறையைப் பார்த்து லயத்துப் பெண்கள் ஏற்கெனவே விசயத்தைப் பிடுங்கியிருந்தார்கள். பொங்கல் சாப்பிட்ட கையோடு, வீட்டுக்கு ஓர் உரப்பையாக எல்லாரும் மேலே ஏறிவிட்டோம். அவர்களுக்கும் அந்த இடம் புதிதுதான். அன்று அந்த மலை கேட்ட கூச்சலை எந்தத் திருவிழாவிலும் கேட்டிருக்காது.

சாயந்திரப் பூசைக்கு அப்படியே ஓடி வந்து வரிசையில் நின்றோம். பூசாரி ஐயா திருநீறு கொடுத்துக்கொண்டே வந்தவர் நின்று, எங்களை முன்னாலும் பின்னாலும் பார்த்தார்.

"என்னாங்கம்மா இது, எல்லாத் தலையிலயும் புல்லு?"

அக்காதான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சிவனொளிபாதம் தெரிந்ததையும், நான் கும்பிட்டபடி போனதையும் சொன்னார். பூசாரி ஐயா தட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு மூலஸ்தானத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

"பைனஸ் மரத்துக்கு இந்தப் பக்கமா ஏறணுமா, அந்தப் பக்கமாங்க?"