வாளியும் வாழைப்பழமும்

பிள்ளையள், ‘ழ’ சரியாக வரவில்லை என்று ரீச்சர் ஏசினால் கவலைப்படாதேங்கோ. எங்கள் இலுப்பைக்கடவையில் பாதிப்பேருக்கு அந்த எழுத்து வராது. அதை வைத்தே ஒரு கூட்டத்தை மறித்தவ எங்கள் மாமி, அப்பாவின் அக்கா.

சண்டை நின்று பாதை திறந்த புதுசு. தெற்கிலிருந்து ஒரு சிங்கள ஆள் சைக்கிள் நிறைய பிளாஸ்ரிக் வாளி கட்டிக்கொண்டு விற்க வந்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள் என்றொரு கதையும் அந்தக் கிழமைதான் வந்தது. ஒரு பிள்ளையும் காணாமல் போகவில்லை. ஆனாலும் சந்தியில் அவரை மறித்துவிட்டார்கள். வாளிகள் றோட்டில் உருண்டன. பயத்தில் அவர், “நானும் தமிழ்” என்றுவிட்டார்.

“தமிழன் எண்டால் வாழைப்பழம் சொல்லடா!”

“வாலப்பலம்.”

ஒருவரின் கையிலிருந்த மண்வெட்டிப்பிடி உயர்ந்தது. மாமி உள்ளே புகுந்து, வாளிக்காரருக்கு முன்னால் போய் நின்றா.

“பொறு தம்பி. முதல்ல நீ சொல்லு பாப்பம்.”

“வாளப்பளம்!” என்றார் பிடிக்காரர்.

“அப்ப உனக்கும் அடி விழவேணும். அடுத்தது ஆர்?”

அடுத்தவருக்கும் வாளப்பளம்தான். பின்னால் ஆரோ சிரித்தார்கள்.

“அவன் சிங்களவன் அக்கா!”

“இருக்கட்டும். அவன்ர வாளியே பிள்ளை பிடிச்சது? எனக்கும் அந்தச் சொல்லு வராது. முதல்ல என்னை அடியுங்கோ.”

மாமி சிரிக்கவில்லை, விலகவும் இல்லை. பிடி மெல்ல இறங்கியது.

கூட்டம் கலையத் தொடங்க, வாளிக்காரர் ஒரு சிவப்பு வாளியை மாமியிடம் நீட்டி, “பால்திய” என்றார். சிங்களத்தில் வாளிக்கு அதுதான் பேர்; ‘பஸ்’ என்கிறபோது வருகிற அழுத்தமான ‘ப’.  மாமி சந்தி முழுக்கக் கேட்கிறமாதிரிக் கத்தினா: “வால்திய! வால்திய! நான் அப்பிடித்தான் சொல்லுவன்!”

நல்ல பகிடி என்று நினைத்து, சின்னனுகள் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வளர்ந்த பிறகுதான் அப்பா சொன்னார். கலவரத்துக்குள் கொழும்பில் மாமியின் புருஷனை மறித்த கூட்டம் சொல்லச் சொன்னதும் அந்தப் ‘பால்திய’தானாம். தமிழர் கனபேருக்கு அதன் முதல் எழுத்து ‘வ’ என்றுதான் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். மாமா ‘வால்திய’ என்றாராம்.

அவருக்கு முன்னால் வந்து நிற்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.