மகசின் என்ற எட்டு எழுத்து

பேபி முதன்முதலாகத் துவாரகா என்ற பெயரைக் கேட்டது பருப்புக்குத் தாளிக்கிற நேரத்தில். மகன் கீதன் அடுப்படி வாசலில் நின்று, "அம்மா, எனக்கு ஒரு பிள்ளையைப் பிடிச்சிருக்கு. பேர் துவாரகா. துவக்கும் வைச்சிருக்கிறா" என்றான். கடுகு வெடித்த சத்தத்தில் பேபிக்குத் துவக்கு மட்டும்தான் தெளிவாகக் கேட்டது.

"ஆற்றை துவக்கு? நீ ஆரோடை திரியிறாய்?"

இடம்வலம் விசாரித்த பிறகுதான் மனம் ஆறியது. பிள்ளை வேறு யாருமில்லை, சாவகச்சேரிச் சந்திரலிங்கத்தாரின் பேத்தி. சந்திரலிங்கத்தாரின் மனைவி பேபியின் சின்னம்மாவுக்கு மச்சாள் முறை. துவாரகா பிறந்தது ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடி வீட்டில். பள்ளிக்கூட நாளில் கடேற் மாணவர் படையில் சேர்ந்து, பனியில் சறுக்கி ஓடவும், ஓடிய மூச்சோடே நின்று குறிபார்த்துச் சுடவும் பழகியவள். அதற்கென்றே ஒரு பந்தயம் இருக்கிறதாம். கிழமை நாட்களில் மில்லிக்கனில் பல்வைத்தியரிடம் வேலை, சனி ஞாயிறென்றால் பனிக்காடு.

கலியாணமாகி, ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருந்த பேபியின் வீட்டுக்கு அவள் வந்தபோது துவக்கும் கூட வந்தது, இரும்புப் பெட்டிக்குள் பூட்டோடு. அந்த மாதம்தான் பக்கத்து வீட்டுக் கார் களவு போயிருந்தது.

"பிள்ளை, உதை வாசல் கதவடியிலை வைச்சால் என்ன? கள்ளர் கண்டிட்டு ஓடுவாங்கள்."

"கள்ளனுக்கெண்டு வைச்சிருக்க விடமாட்டினம் மாமி. பூட்டித்தான் வைக்கோணும். இது அஞ்சு கறுப்புப் பொட்டைச் சுடுறதுக்கு மட்டும்."

"அப்ப கள்ளன் பொட்டு வைச்சுக்கொண்டு வந்தால்?"

துவாரகா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. அன்றைக்கே இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

போன மாரிப் பனிக்காலத்தில் மாகாண அணிக்கு ஆள் எடுத்தார்கள். துவாரகா ஒன்பது செக்கனால் இடத்தை விட்டாள். துவக்கின் கட்டையில் மேலதிகக் குண்டுக்கூடுகளைச் செருகிவைக்கிற தாங்கியில் வெடிப்பு விழுந்திருந்தது. இறக்கத்தில் ஒரு கூடு பனிக்குள் விழுந்து மறைந்தது. குண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட்டுமுடிக்க மற்றவர்கள் போய்விட்டார்கள். இந்த மாரியோடு அவளுக்கு முப்பத்தாறு. "இதுதான் கடைசி முறை" என்று கீதனிடம் சொன்னதைப் பேபியும் கேட்டாள்.

தெரிவுப் பந்தயம் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை வாசலில் ஒரு பார்சல் கிடந்தது. பேபி எடுத்துப் பார்த்தாள். பேபிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் பார்சலின் மேல் MAGAZINE என்று இருந்த அந்த எட்டு எழுத்தும் தெரியும். அண்ணன் இராஜரட்ணம் கொழும்பு மகசின் சிறையில் இருந்த இரண்டு வருடமும், கடித உறையில் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதியது அவள்தான். அண்ணன் இப்போது மொன்றியலில் பேரப்பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறார். அங்கேயிருந்து இப்போது யார் எதை அனுப்புவது? பார்சலைக் கொண்டுபோய் அரிசிச் சாக்குக்குப் பின்னால் செருகினாள்.

துவாரகா, வருமென்றிருந்த புதுத் தாங்கியைத் தேடி மூன்று நாளும் வாசல் பனியைக் கிண்டினாள். "பார்சலைத் தந்திட்டம் எண்டு படமும் போட்டிருக்கிறாங்கள். ஆரோ எடுத்திட்டினம்" என்று புலம்பினாள். வெள்ளி மத்தியானம் பழைய தாங்கியை ரேப்பால் சுற்றிக்கொண்டு இருந்தவளின் கண் கலங்கியிருந்தது. பேபியால் பொறுக்க முடியவில்லை. அரிசித் தவிட்டோடு பார்சலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"பிள்ளை, குறைநினையாதை. உது மகசினிலை இருந்து வந்தது."

"ஓம் மாமி, மகசின்தானே!"

"உனக்கும் தெரியுமோ? ஆர் உள்ளுக்கை?"

"ஒருத்தரும் இல்லை. நாலு மகசின் வைக்கலாம்."

"நாலு சிறையோ!"

விளங்கியபோது துவாரகா நிலத்தில் இருந்து சிரித்தாள். அஞ்சு குண்டு போடுகிற கூட்டுக்கு மகசின் என்று பெயராம். பேபி அண்ணனின் சிறைக் கதையைச் சொன்னதும் எழும்பி மாமியைக் கட்டிப்பிடித்தாள். "சொறி மாமி, எனக்குத் தெரியாது."

இரண்டு ஆணியை முடுக்கிப் புதுத் தாங்கியைக் கட்டையில் பூட்டினார்கள். வெறுங்கூடுகளைச் செருகிக் குலுக்கினால் கடைசிக் கூடு மட்டும் கழன்று விழுந்தது. இரண்டாந்தரமும் விழுந்தது. துவாரகாவின் முகம் செத்துப்போனது.

"விடு, நான் பாக்கிறன்" என்றாள் பேபி. ரொறன்ரோவில் பதினாலு வருடம் தொழிற்சாலையில் கார் இருக்கைக்கு உறை தைத்த கை. பாவாடை நாடாப் பெட்டியில் இருந்து இலாஸ்ரிக் எடுத்து, இழுத்தால் விடுகிற மாதிரி ஒரு வளையம் தைத்து மாட்டினாள். இன்னொருதரம் குலுக்கினார்கள். கூடு அசையவில்லை.

சனி காலை பேபி இரண்டு ஜக்கெற் போட்டுக்கொண்டு தானும் போனாள். அணியில் மூன்று பேருக்குத்தான் இடம். நாலு தரம் சுட வேண்டியதில் மூன்று தரம் சுட்டு முடிய துவாரகா நாலாவது. கடைசி இறக்கத்தில் கால் இடறிக் குப்புற விழுந்தாள். பேபி முன்னுக்குப் பாய்ந்தாள். "எழும்பு பிள்ளை! எழும்படி!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணும் என்னவென்று தெரியாமல், "எழும்படி!" என்று கூடக் கத்தினாள்.

துவாரகா எழும்பி ஓடிவந்து தாங்கியைத் தடவினாள். கூடு இருந்தது, பச்சை இலாஸ்ரிக்கோடு. டக். டக். டக். குண்டு பட்டு மூன்று பொட்டு வெள்ளையானது. நாலாவது தவறியது. ஐந்தாவதும் வெள்ளை. தவறியதற்குத் தண்டமாக ஒரு வட்டம் ஓடி, முன்னால் போனவள் இரண்டு வட்டம் ஓடுகிற இடைவெளியில் மூன்றாவதாக வந்து முடிவுக் கோட்டைத் தாண்டி விழுந்தாள். பேபி பனியில் உருண்டு புரண்டு போய் அவளைத் தூக்கினாள்.

துவாரகா இப்போது அல்பேர்ட்டாவில் மாகாண அணியோடு நிற்கிறாள். வருகிற புதன்கிழமை வீட்டுக்கு வருவாள்.