கழுத்தா, முதுகா?

எங்கள் ஊரில் ஒரு வதந்தி ரொட்டிக்கடையில் கிளம்பித் தபால் நிலையம் சேர்வதற்குள் கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றுவிடும். பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் வுகோசவா, சுவரில் புதிதாக வைத்த காற்றுத் துளைகளைக் கம்பளியால் அடைத்துப் பிள்ளைகளை மூச்சுமுட்ட வைக்கிறாளாம். ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறவன் நான்; நிஜமா என்று பார்க்கப் போனேன்.

பள்ளியின் பெரிய கட்டடத்துக்குக் குளிர்தாங்கும் பலகை போர்த்தி, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் மாட்டி, எரிபொருள் செலவைப் பாதியாக்கியிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து சூட்டை விடக்கூடாது. துளை வழியாகத்தான் காற்று வரவேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் மொராவா ஆற்றங்கரைக்காரர்கள் போருக்குக்கூட அசரமாட்டார்கள், பிடரியில் காற்றுப் பட்டால் உயிலெழுத உட்கார்ந்துவிடுவார்கள்.

வுகோசவா இன்னும் சீராக்காத சின்னக் கட்டடத்து அடுப்புகளுக்கு நிலக்கரி வாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சித்தி, துளையை அடைச்சது நீங்களாமே?"

"மூணை நான் அடைச்சேன். மிச்சமெல்லாம் வாத்தியாருங்க. ஹெட்மாஸ்டர் ரூம்ல இருக்கறது அவரோட சொந்த ஸ்வெட்டர். போய் எழுதுய்யா!"

வெள்ளிக்கிழமை வகுப்பறைக் காற்றை அளக்க ஆள் வருகிறது என்று அவளிடம் சொன்னேன். காற்று கெட்டிருந்தால் சின்னக் கட்டடத்தைச் சீராக்கப் பணம் வராது. வரும் குளிர்காலமும் இதே வாளிகள்தான்.

"கழுத்து பிடிச்சா பிராந்தி தேய்ச்சுக்கலாம். முதுகு போனா?" என்றாள்.

அன்றே தன் கம்பளிகளைப் பிடுங்கினாள். அடுத்து எல்லா அறைகளிலும் புகுந்து, பிடுங்கியதையெல்லாம் ஆசிரியர் அறை மேசையில் குவித்தாள். "சுவத்துக்குக் குளிராது. அவங்கவங்க கழுத்துல சுத்திக்குங்க."

இயற்பியல் ஆசிரியை நெவெனா முகர்ந்து பார்த்தாள். "சித்தி, இது தரை துடைக்கற துணியில்ல?"

"சீ! தரைக்கு நான் நல்ல துணியாத்தான் எடுப்பேன்."

வெள்ளியன்று ஆசிரியர்கள் மூக்குவரை கம்பளி சுற்றிப் பாடம் நடத்தினார்கள்.

"உள்ள அவ்வளவு குளிரா?" என்று அளக்க வந்தவர் கேட்டார்.

"இல்லீங்க, பனிச்சறுக்கு வாரம் கொண்டாடறோம்," என்றார் தலைமையாசிரியர் ரடிவோயே, கண்ணிமைக்காமல்.

காற்று தேறியது. பணமும் வந்தது. கோடையில் வேலை தொடங்குகிறது. வுகோசவா இப்போதெல்லாம் அடுப்புகளைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஊரைவிட்டுப் போகப்போகும் வாடகைக்காரனைப் பார்ப்பதுபோல.

சேதி வந்த சந்தோஷத்தில் ரடிவோயே அவளைக் கட்டிக்கொண்டு, "இந்தக் குளிர் முடியறதுக்குள்ள ஒரு நாள் நிலக்கரிய நான் தூக்கறேன், சித்தி!" என்று எல்லார் முன்பும் வாக்குக் கொடுத்தார்.

பிளம் மரங்கள் பூத்துவிட்டன, குளிர் முடியப்போகிறது. நேற்றுக் காலை அவர் அறை வாசலில் வாளிகளைக் கொண்டுபோய் வைத்தாளாம். அவருக்கு அவசரக் கூட்டமாம்.