கறித்தூளுக்குப் பக்கத்தில் இருந்த தேயிலை

உங்கள் அறை அலுமாரிக்கு மேலே ஒரு காட்போட் பெட்டி இருக்கிறதல்லவா? அதற்குக் கிட்ட நின்று வாசனைச் சென்ற் அடிக்க வேண்டாம் என்று அப்பா ஏன் ஓயாமல் கத்துகிறேன் என்று கேட்டீர்கள். எனக்கு எழுத்து பெரிதாக வராது. வந்த மாதிரி எழுதுகிறேன்.

குசினிக் கபேட் செய்கிற தொழிற்சாலையில் நான் வேலை செய்தபோது அடுத்த மேசையில் ஒரு சீன அக்கா நின்றா. யுனான் மலைப்பக்கம் பிறந்தவ. எங்கள் இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் அரைகுறை. அதனால்தானோ என்னவோ வடிவாகக் கதைத்தோம். சாப்பாட்டு நேரத்தில் நான் ரின்பால் விட்டு, சீனி போட்டு ரீ குடிப்பேன். அவ பார்த்துவிட்டு, அள்ளிச் சாப்பிடக் கரண்டி தரட்டோ என்று கேட்பா.

ஒருநாள் தன்னுடைய ரீயைத் தந்தா. வெளிறின மஞ்சள் நிறம். வாயில் வைத்ததும் பாவற்காய்க் கைப்பு. மரியாதைக்காக விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குள் இனித்தது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்குமே, அதே இனிப்பு. சீனி எங்கே கிடந்தது என்று கோப்பைக்குள் எட்டிப் பார்த்தேன். அவ சிரித்தா.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. நாளுக்கு ஒரு கேள்வி. அதன் பெயர் பூ-எர். அதிலும் பச்சைப் பூ-எர். உயர்ந்த மலையில், பனிமூட்டத்துக்குள் நிற்கிற மரங்களின் இலை. செடியில்லை, ஏறிப் பறிக்கிற மரம். குளிரில் இலை மெதுவாக வளர்வதால்தான் அந்தக் கனமான ருசியாம். வாட்டி, வெயிலில் காயவைத்து, ஆவியில் காட்டி, றொட்டி மாதிரி வட்டமாக அமுக்கிக் கடதாசியில் சுற்றுவார்களாம். வருடம் போகப் போகக் கைப்புத் தணியுமாம். பழசாகி நல்லதாகிற தேயிலையை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஒருநாள் அவவின் தாய் தேயிலை மரத்தால் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. அவ வேலையையும் வாடகை அறையையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டா. போகுமுன் ஒரு வட்டத்தை என் கையில் தந்தா. தாய் பறித்த இலை. இனித் தாயால் மரத்தில் ஏற முடியாது, அவவிடம் இருந்ததும் அது ஒன்றுதான். திரும்பி வந்து இரண்டு பேருமாக உடைத்துக் குடிப்போம் என்றா. எப்படி வைப்பது என்று கேட்டேன். வெயில் வேண்டாம், ஈரம் வேண்டாம், “நோ ஸ்மெல்” என்றா.

நாறவிடாதே என்று சொல்கிறா என்று நான் விளங்கிக்கொண்டேன். எங்கள் டோர்செட் பார்க் அடுக்குமாடி வீட்டில் ஆக நல்ல வாசம் எங்கே வரும்? குசினிக் கபேட்டில், அம்மா வறுத்துத் திரித்த கறித்தூள் டின்னுக்குப் பக்கத்தில். அங்கேயே வைத்தேன். பூஞ்சணமும் கிட்ட வராது என்று பெருமை வேறு.

மூன்று வருடத்துக்குப் பிறகு போன் எடுத்தா. திரும்பி வந்துவிட்டாவாம், சனிக்கிழமை வருகிறாவாம். வட்டத்தை எடுத்துக் கடதாசியை மணந்து பார்த்தேன். ஆட்டிறைச்சிக் கறி. நோ ஸ்மெல் என்றால் வேறு மணம் ஒன்றும் கிட்ட வரக் கூடாது என்று அப்போதுதான் விளங்கியது.

மூத்தவள், நீ அன்றைக்கு, “அப்பா, ஜஸ்ற் பை அனதர் வன்” என்றாய். வேறொன்று வாங்கி வைக்கிற ஆசை எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. அம்மாதான், “அவவுக்கு மூக்கில்லை எண்டு நினைச்சியளோ?” என்று கேட்டா. இரண்டு நாள் பல்கனிக் காற்றில் வைத்தேன். கறி அசையவில்லை.

சனிக்கிழமை அக்கா சப்பாத்தைக் கழற்ற முன்னமே நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவ வட்டத்தை வாங்கிக் கன நேரம் மணந்தா. பையில் கொண்டுவந்த தடித்த தேயிலை ஊசியால் ஓரத்தைத் தட்டிவிட்டு, உள்பக்கத்தில் இருந்து ஒரு துண்டு கிளப்பி, மூடி போட்ட சின்னக் கோப்பையில் போட்டா. கொதிதண்ணீர் விட்டு உடனே வெளியே ஊற்றினா. அது இலையைக் கழுவ. திரும்ப விட்டு, பத்து எண்ணுமுன் வார்த்தா. மூடியின் உள்பக்கத்தை மணந்துவிட்டு எனக்கு நீட்டினா.

கறித்தூள்.

இரண்டாம் முறையும் கறித்தூள். மூன்றாம் முறை மல்லி மட்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு குடித்தேன். அவ அதே இலைக்குத் தண்ணீர் விட்டபடியே இருந்தா. ஐந்தாம் முறை மூடியை மணந்தவ அதை நெடுநேரம் எனக்குத் தரவில்லை. தந்தபோது மணந்தேன். மல்லியும் இல்லை. மழை பெய்து விட்ட காட்டு மணம். குடித்தேன். கைப்பு. பிறகு தொண்டைக்குள் அந்த நெல்லிக்காய் இனிப்பு.

“அம்மான்ர ரீதான்,” என்றா. “பயந்திட்டன்.”

ஒன்பது முறை ஊற்றினோம். பிறகு வட்டத்தை இரண்டாக உடைத்து, பாதியை என் பக்கம் தள்ளினா.

“திரும்பவும் என்னை நம்புறியளோ?” என்று கேட்டேன்.

“இல்லை. இடத்தை நான்தான் பாப்பன்.”

எழும்பி, வீடு முழுக்க மூக்கை நீட்டிக்கொண்டு நடந்தா. குசினியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியில் உங்கள் அலுமாரிக்கு மேலேதான் கையை வைத்தா. என் பாதி வட்டம் அந்தக் காட்போட் பெட்டிக்குள் ஏறியது. அப்போது நீங்கள் ஒருவரும் சென்ற் அடிக்கிறதில்லை.

அவ இப்போதும் வருகிறா. வந்ததும் என்னிடம் சுகம் கேட்குமுன் உங்கள் அறைக்குள் போய் மணந்து பார்க்கிறா. ஆனபடியால் பிள்ளைகளே, சென்ற்றை வெளியே லிப்ற்றுக்குப் பக்கத்தில் நின்று அடியுங்கள்.