சீமோன் யோசிக்காமல் வாங்கிய வண்டி

சீமோன் ஒரு சாமானை வாங்கி முடிப்பதற்குள் அதைவிடத் திறமான ஒன்று கடைக்கு வந்துவிடும். சோபா வாங்கப் பதினொரு மாதம் எடுத்த மனிதர் அவர். அதுவரை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் கேக் சாப்பிட்டார்கள். இந்த நாட்டுக்கு அகதியாக வந்து பார்க்டேலில் இறங்கிய வருடம், எந்தக் குளிர்ச்சட்டை நல்லதென்று யோசித்து யோசித்தே பனிக்காலம் முடிந்துபோனதாம். முப்பது வருடம் பஸ் கராஜில் பிரேக் திருத்தியவர், எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பமாட்டார்.

இப்படிப்பட்டவர் கார் றேஸ் ஓடுகிறார் என்றால் யார் நம்புவார்கள்? காசுக்காக ஓடுகிற றேஸ் அல்ல. தச்சர், பல் வைத்தியர், கராஜ்காரர் என்று ஆசைக்காகச் சனி ஞாயிறில் கூடுகிறவர்கள் ஓடுவது. ஐம்பது வயதில், மூன்று வருடம் யோசித்த பிறகு, சீமோன் இரண்டு பேர் இருக்கக்கூடிய பழைய கார் ஒன்றை வாங்கினார். அதை ட்ரெயிலரில் ஏற்றி, பிக்கப்பின் பின்னால் கொழுவி, பௌமன்வில்லுக்கு வடக்கே உள்ள றேஸ் திடலுக்கு இழுத்துக்கொண்டு போவார். வளைவில் எந்த இடத்தில் பிரேக்கை மிதிப்பது என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிவெடுப்பார். காரைவிட்டு இறங்கினால் பழைய சீமோன்தான். தேத்தண்ணியா கோப்பியா என்று வரிசையில் நாலு பேரை மறித்துக்கொண்டு நிற்பார்.

அவருடைய மனைவி றோஸ்மேரி போன வருடம் வரை, பன்னிரண்டு வருடம், ஒரு றேஸையும் தவறவிட்டதில்லை. கம்பிவேலியோரம் மடக்குக் கதிரையைப் போட்டு இருந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை விநாடி என்று கொப்பியில் எழுதுவாள். காரின் நிறை, ட்ரெயிலரின் நிறை, டயரில் எவ்வளவு காற்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். "எனக்குக் காரிலை ஒரு விருப்பமும் இல்லை. இந்த மனுசன் கெதியா ஒரு முடிவெடுக்கிறதைப் பாக்கத்தான் வாறன்" என்று எல்லாரையும் சிரிக்க வைப்பாள்.

போன மாரியில் அவளுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஒப்பரேசன் செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஓகஸ்ட் கடைசியில் வைத்தியர் இருவரையும் இருத்தி நீளமாகப் பேசினார். மொழிபெயர்க்க ஆள் தரவா என்று கேட்டதற்குச் சீமோன் வேண்டாம், தானே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார். பாண் சுடும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தமிழ்ச் சனத்தோடேயே வேலை செய்த றோஸ்மேரிக்கு வைத்தியரின் வேகமான இங்கிலீஷ் பிடிபடாது. இனி மருந்து பலிக்காது, டிசெம்பரில் நத்தார் வரை இருந்தால் பெரிய காரியம் என்றார் வைத்தியர். சீமோன் றோஸ்மேரியின் பக்கம் திரும்பினார்.

"மருந்தை மாத்தப் போகினமாம். நல்லாச் சாப்பிடட்டாம்."

கால் மணிநேரப் பேச்சு அவர் வாயில் அவ்வளவுதான் ஆனது. றோஸ்மேரி வைத்தியரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"அம்மாக்குச் சொல்லாதேங்கோ அப்பா, சொன்னா கிவ் அப் பண்ணிடுவா" என்று மகள் அனோஜாவும் போனில் அழுதாள். எங்கள் சனத்தில் இது புதிதில்லை. நோயில் கிடக்கிற வருத்தக்காரரைத் தவிர மற்ற எல்லாருக்கும் விசயம் தெரிந்திருக்கும். அதற்கு அன்பு என்று பெயரும் வைத்துவிடுவோம்.

அந்தக் கோடை முழுக்க றோஸ்மேரி திடலுக்குப் போகவில்லை. அங்கே கழிப்பறை வெகுதூரம். அவளுக்கோ அரை மணிக்கு ஒருமுறை போகவேண்டும், இடையில் படுக்கவும் வேண்டும். சீமோன் தனியே போய் ஓடினார். சுற்றுக்குச் சுற்று அந்த வேலியைப் பார்த்தார். அங்கே வெறும் புல்தான் இருந்தது. வருடத்தின் கடைசி றேஸ் ஒக்ரோபர் முதல் வாரம். கட்டிலும் கழிப்பறையும் உள்ள மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி, அதன் பின்னால் ட்ரெயிலரைக் கொழுவினால் அவளையும் கூட்டிப் போகலாம். இன்னும் ஒரே ஒருமுறை அவளை அந்த வேலியோரம் காணவேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

ஆனால் சீமோன் மூன்று கிழமைக்குள் மோட்டார்ஹோம் வாங்கினால் றோஸ்மேரிக்கு எல்லாம் விளங்கிவிடுமே! அதனால் பாவம், அந்த மனிதர் யோசிப்பதுபோல் நடிக்க வேண்டியதாயிற்று. பார்த்த வண்டிக்கெல்லாம் நொட்டை சொன்னார். ஒன்றுக்குக் கூரை ஒழுகுகிறது, இன்னொன்று பெற்றோல் குடிக்கும் என்றார். நல்ல வண்டி ஒன்று அப்படியே கைநழுவியும் போனது.

"ஆறுதலாப் பாருங்கோ, உங்களுக்கு உது லேசிலை சரிவராது. அடுத்த வருசம் வாங்குவம்" என்றாள் றோஸ்மேரி. அடுத்த வருசம் என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவர் அடுத்த விளம்பரத்தைப் புரட்டினார்.

செப்ரெம்பர் நடுவில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து இருவரும் யூனியன்வில்லுக்குப் போனார்கள். அங்கே இராஜரட்ணம் என்ற பெரியவர் தன்னுடைய மோட்டார்ஹோமை விற்க இருந்தார். சீமோனின் புகழ் அவருடைய காதுக்கும் எட்டியிருந்தது.

"தம்பி, இண்டைக்கு நீங்கள் வாங்கமாட்டியள் எண்டு தெரியும். வடிவாப் பாத்திட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

வண்டி துப்புரவாக இருந்தது. றோஸ்மேரி கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தாள், கட்டிலின் மெத்தையை அமத்திப் பார்த்தாள், களைத்துப்போய் அதிலேயே இருந்துவிட்டாள். சீமோன் பின்பக்கம் போய்க் குனிந்தார். ட்ரெயிலர் கொழுவும் கொக்கியில் எழுதியிருந்தது: மூவாயிரத்து ஐந்நூறு இறாத்தல். அதற்கு மேல் இழுக்கக்கூடாது. அவருடைய காரும் ட்ரெயிலரும் சேர்ந்து நாலாயிரத்து இருநூறு. வேறு நாளென்றால் அந்த இடத்திலேயே கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

அப்போது இராஜரட்ணத்தின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவர், "பரி ரவுனிலை இருந்து ஒராள் மூண்டு மணிக்கு வாறாராம் தம்பி. பாத்தா எடுத்திடுவார் போலை" என்றார்.

சீமோன் வண்டிக்குள் பார்த்தார். கழுத்தெலும்பு தெரிய, செருப்பைக் கழற்றிவிட்டு, றோஸ்மேரி கட்டிலில் சாய்ந்திருந்தாள். றேஸ் என்ன பெரிய றேஸ்? கார் கராஜில் கிடக்கட்டும். இந்த வண்டியில் இவளைக் கூட்டிக்கொண்டுபோய், வேலியோரம் நிறுத்தி, மற்றவர்கள் ஓடுவதை இரண்டு பேருமாக இருந்து பார்த்தால் போதும்.

"நான் எடுக்கிறன் அண்ணை. நீங்கள் கேட்ட விலைக்கே எடுக்கிறன்."

இராஜரட்ணம் வாயைப் பிளந்தார். மனிதர் மனம் மாறுவதற்குள் காகிதங்களை எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்குள் ஓடினார்.

சீமோன் வண்டிக்குள் ஏறினார். றோஸ்மேரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கொக்கியிலை எவ்வளவு போட்டிருக்கு?"

அவர் சொன்னார்.

"எங்கடை ட்ரெயிலரை இது இழுக்காதே."

"பரவாயில்லை றோசி. பிறகு பாப்பம்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணமாகி முப்பத்திநாலு வருடத்தில் அவர் 'பரவாயில்லை' என்று ஒரு சாமானும் வாங்கியது கிடையாது.

"டொக்டர் எவ்வளவு நாள் எண்டவர்?"

சீமோனுக்குப் பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "நத்தார் வரைக்கும்" என்றார். சொன்னதும் தானே அழத் தொடங்கினார்.

றோஸ்மேரி அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. "பிள்ளைக்கும் தெரியுமோ?"

அவர் தலையாட்டினார்.

"அது என்ரை சாவப்பா. நீங்கள் ரெண்டு பேரும் பங்குபோட்டு வச்சுக்கொண்டு, எனக்கு மட்டும் தரேல்லை. அடுத்த வருசம், அடுத்த வருசம் எண்டு நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள், என்ன?"

சீமோன் குனிந்து அவளுடைய செருப்பு இரண்டையும் சேர்த்து வைத்தார். அவள் கையை நீட்டி, பக்கத்தில் இருக்கும்படி மெத்தையைத் தட்டினாள். அவர் இருந்தார்.

இராஜரட்ணம் பேனாவோடும் காகிதங்களோடும் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டு பேரின்ரை பேரிலையும் எழுதவோ தங்கச்சி?"

"இல்லை அண்ணை" என்றாள் றோஸ்மேரி. "அவற்ரை பேரிலை மட்டும் எழுதுங்கோ."